சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?

அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எனக்கு வேலை வந்துவிடும். ராஜபாளையத்துக்கு மேற்கே, மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறார் நீர்காத்த அய்யனார். குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறோடு போவார்கள். சாமி கும்பிட்டு, வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான் இளவட்டங்களுக்குப் பாறை விட்டுப் பாறை தாவத் தோன்றும். பாசியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போச்சு. சாயங்காலம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வரும். நான் முதலில் எலும்பைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சாம்?"

"மூணு மணிக்குப் புளியோதரையாம் டாக்டரம்மா. நல்லா சாப்பிட்டிருக்கான்."

நான் மயக்க டாக்டர். சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எங்கே கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவள். சிறு ஊர்களில் எங்கள் பிழைப்பு பெரும்பாலும் இப்படித்தான்.

முழு மயக்கம் கொடுத்தால் தொண்டையின் காவலும் சேர்ந்து தூங்கிவிடும். வயிற்றில் இருக்கிற சோறு மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அடிபட்ட வலியில் வயிறு சீக்கிரம் காலியாகாது என்பதால், மூன்று மணிச் சோறு ராத்திரியிலும் அங்கேயே கிடக்கும். அந்தக் கைக்குப் போகும் நரம்புகளை மட்டும் மரக்க வைத்தால் இந்தப் பயம் பெருமளவு குறைந்துவிடும். பையன் விழித்துக்கொண்டே இருப்பான், இருமுவான், எச்சில் விழுங்குவான். அதற்காகச் சாப்பிட்டுவிட்டு ஆபரேஷனுக்கு வரலாம் என்று அர்த்தமில்லை. மரப்பு சரியாகப் பிடிக்காவிட்டால் முழு மயக்கத்துக்குத்தான் போயாக வேண்டும்.

உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரக்க வைக்கும் இந்த வித்தை கண்ணில் ஆரம்பித்தது. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கோகெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் வலி தெரியாது என்று காட்டினார். முதுகுக்கு வந்தது 1898-ல், ஜெர்மனியின் கீல் நகரத்தில். அகஸ்ட் பியர் என்ற சர்ஜன் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தன் முதுகிலேயே போடச் சொல்லி உதவியாளர் ஹில்டபிராண்டிடம் உட்கார்ந்தார். சிரிஞ்சு ஊசியோடு பொருந்தவில்லை. தண்டுவட நீர்தான் ஒழுகியது. பிறகு ஹில்டபிராண்டுக்கு பியர் போட்டார். மரத்துவிட்டதா என்று பார்க்க முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்திருக்கிறார், சுருட்டால் சுட்டிருக்கிறார், முடியைப் பிடுங்கியிருக்கிறார். உதவியாளருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இருவரும் சந்தோஷமாக மது அருந்திக் கொண்டாடினார்கள். அடுத்து வந்த நாட்களில் பியருக்கு எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும் தலைவலி. ஹில்டபிராண்டுக்கு வலியோடு காலெல்லாம் காயம். அந்தத் தலைவலி இன்றும் எங்களை விட்டுப் போகவில்லை.

முதுகு ஊசி என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே உறைக்குள் நீரும், நூல் நூலாகத் தொங்கும் நரம்புகளும்தான். இரண்டு இடுப்பெலும்புகளின் உச்சியையும் விரலால் இணைத்துப் பார்த்து, அந்த மட்டத்தில் குத்துகிறோம். தண்டுவடத்தையே குத்திவிடுவார்கள் என்ற பயத்துக்கு அங்கே இடமில்லை. உள்ளே போவது 2 மில்லி அளவு புபிவகெய்ன். அதில் குளுக்கோஸ் கலந்திருப்பதால் தண்டுவட நீரைவிடக் கனமாகி, தாழ்ந்த பக்கம் இறங்கும். டேபிளைச் சாய்த்து, மரப்பு எதுவரை ஏற வேண்டும் என்று ஓரளவு தீர்மானிக்கலாம். முதலில் சூடு குளிர்ச்சி தெரியாமல் போகும், பிறகு வலி, கடைசியில் அசைவு. ஸ்பிரிட் பஞ்சை வயிற்றில் வைத்து "ஜில்லுன்னு இருக்கா தாயி?" என்று கேட்பது அதற்காகத்தான். தொடுவதும் இழுப்பதும் கொஞ்சம் தெரியும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், கத்தி பட்டதென்று பயந்து அலறுவார்கள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். நாடு முழுவதற்கும் அது 21.5 சதவீதம். இவ்வளவு தேவையா என்பது வேறு கட்டுரை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இந்த ஊசியில்தான் நடக்கின்றன. அதனால் தெருவுக்குத் தெரு, "முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அன்னைக்குப் பிடிச்ச இடுப்பு வலி" என்கிற பெண்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார விடாமல் என்னிடம் நியாயம் கேட்டிருக்கிறார்கள்.

குத்திய இடம் சில நாள் வலிக்கும். உண்மைதான். வருஷக்கணக்கில் வலிப்பதற்கு ஊசி காரணமென்று ஆய்வுகள் காட்டவில்லை. ஊசியே போடாமல் சுகப்பிரசவமான பெண்களுக்கும் இடுப்பு வலி வருகிறது. பத்து மாதம் வயிறு முன்னுக்கு இழுத்திருக்கிறது, மூட்டுகளின் தசைநார்கள் தளர்ந்திருக்கின்றன, பிறகு குனிந்தே பால் கொடுக்கிறாள், குடம் தூக்குகிறாள், பிள்ளையை இடுப்பில் சுமக்கிறாள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஊசியைப் பிடித்துக்கொள்வது வீட்டில் எல்லோருக்கும் வசதி.

தலைவலி விஷயம் வேறு. உறையில் விழுந்த துளை வழியாக நீர் கசிவதால் வருவது அது. படுத்தால் குறையும், உட்கார்ந்தால் ஏறும். பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசிகள் வந்தபின் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒருநாள் முழுக்கத் தலையணை இல்லாமல் மட்டமாகப் படுக்க வைக்கும் பழக்கத்தால் அது தடுக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் சொல்லியும், நம் வார்டுகளில் தலையணையைப் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதுகு ஊசியைத் தேர்ந்தெடுக்க எங்கள் ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. இது பஞ்சாலை ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து தலைமுறை தலைமுறையாக நூல் நூற்றவர்கள். தியேட்டரில் ரத்தம் ஒற்றும் பேண்டேஜ் துணிகூடப் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்ததுதான். பல வருஷம் பஞ்சுத் தூசியை இழுத்த நெஞ்சோடு ஒரு பெரியவர் இடுப்பெலும்பு முறிந்து வருவார். அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படி இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் நடத்தி 2021-ல் வெளிவந்த ஆய்வில், முதுகு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் அறுபது நாள் கழித்துப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வென்டிலேட்டர் பக்கத்து அறையில் இருக்கும். இங்கே அதற்கு மதுரைக்கு ஆம்புலன்ஸ் பிடிக்க வேண்டும். என் கை முதுகு ஊசிக்குத்தான் போகும்.

முதுகு ஊசி பட்டிதொட்டியெல்லாம் வந்துவிட்டது. கைக்கான நரம்பு ஊசி அப்படி வரவில்லை. கழுத்தெலும்புக்கு மேலே அந்த நரம்புக் கொத்து ரத்தக்குழாயை ஒட்டிக் கிடக்கிறது, கீழே நுரையீரலின் நுனி. முன்பெல்லாம் கைத்தடவலில் குத்தி, "விரல்ல சுர்ருனு போகுதாய்யா?" என்று கேட்போம். ஆமாம் என்றால் மருந்து. இப்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நரம்பும் ஊசி முனையும் கண்ணுக்கே தெரிகின்றன, மருந்தும் குறைவாகவே போதும். கோவை கங்கா மருத்துவமனையில் இதைக் கற்க நாடெங்கிலுமிருந்து டாக்டர்கள் வருகிறார்கள். 1978-ல் அதைத் தொடங்கிய டாக்டர் சண்முகநாதனே ஒரு மயக்க டாக்டர் என்பதில் எங்கள் இனத்துக்குக் கொஞ்சம் பெருமை.

பையில் அடங்கும் அளவுக்கு மெஷின் சிறிதாகிவிட்டது. ஆனால் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. கருவில் பெண்ணென்று தெரிந்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டம், எந்த வேலைக்கென்றாலும் ஸ்கேன் மெஷினை இடத்தோடு சேர்த்துப் பதியச் சொல்கிறது. கையடக்க மெஷினையும் பதிவான கட்டிடத்துக்குள்தான் பயன்படுத்தலாம் என்று 2012-ல் விதி வந்தது. பெண்சிசுக் கொலைக்குப் பேசப்பட்ட உசிலம்பட்டி இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தோலுக்குக் கீழே சில சென்டிமீட்டர் மட்டுமே காட்டும் நரம்பு புரோபைத் தவிர வேறெதுவும் பொருத்த முடியாத மெஷினுக்கு ஒரு தனி வழி செய்யலாம். இப்போதைக்கு, நான் போகும் ஆஸ்பத்திரிகளில் ஒன்று தன் மெஷினைத் தியேட்டரில் பயன்படுத்தவும் முறைப்படி பதிந்து வைத்திருக்கிறது. கை முறிந்து வருகிறவர்களை அங்கே அனுப்பச் சொல்லி மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.