பருப்பு வேகாத தண்ணீர்

தாம்பரம் தாண்டி, போர் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்பு ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். தக்காளி விலைக்குப் பயந்து மாடியில் எட்டுப் பைகளில் செடி வைத்தாராம். காய் பிடிக்கிறது. எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்துவிடுகிறது. காணொளியில் சொன்னபடி முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டும் நிற்கவில்லை. அடுத்த கேள்வி சமையலறையிலிருந்து. துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் மசியவில்லை, கேஸ் சிலிண்டரும் முன்போல் நாள் தாங்கவில்லை. கோளாறு அடுப்பிலா, பருப்பிலா?

தக்காளிக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வாசகி இரண்டையும் வேறு வேறு செலவாக எழுதியிருக்கிறார். எனக்கோ படித்ததும் மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே வேதியியல். தக்காளிக் காய்க்குப் போய்ச் சேராத கால்சியம்தான் பருப்புக்குள் புகுந்து இறுக்கிக்கொண்டிருக்கிறது.

தாவரத்தில் ஒரு செல்லை அடுத்த செல்லோடு ஒட்டவைக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். முட்டைக் கடையில் முப்பது முட்டை பிடிக்கும் அட்டைத் தட்டு இருக்குமே, பெக்டின் இழையை அதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். குழி குழியாக நெளிந்த தட்டு. ஒவ்வொரு குழியிலும் எதிர் மின்னூட்டம். ஒரு தட்டில் முட்டைகளை வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்தால் இரண்டும் பொருந்தி நிற்கும். இங்கே முட்டை என்பது கால்சியம் அயனி. அதற்கு இரண்டு நேர் மின்னூட்டம் இருப்பதால் ஒரு கையால் கீழ்த்தட்டையும் மறு கையால் மேல்தட்டையும் பிடித்துக்கொள்கிறது. உவமை என்னுடையது அல்ல. 1973இல் வந்த ஆய்வுக் கட்டுரையிலேயே இந்த அமைப்புக்கு ‘முட்டைப் பெட்டி மாதிரி’ என்றுதான் பெயர் வைத்தார்கள். முதலில் கடற்பாசிப் பசைக்குச் சொன்னதைப் பிறகு பெக்டினுக்கும் பொருத்தினார்கள்.

அந்த உவமையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு முட்டை இருந்தால் மேல்தட்டு ஆடும், நழுவும். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குழிகள் நிறைந்தால் அசையாது. மொபெட்டின் பின்னால் அடுக்கிக் கட்டிப்போகும் முட்டைக் கட்டு குலுங்காமல் போகிறதே, அதுபோல. பெக்டினிலும் அப்படித்தான். தொடர்ச்சியாகக் குழிகள் நிரம்பினால்தான் பிடி இறுகும். சாப்பாட்டு உப்பிலுள்ள சோடியத்துக்கு ஒரு கைதான். அது குழியில் வந்து உட்காரும், ஆனால் மேல்தட்டை எட்டிப் பிடிக்க அதனிடம் இன்னொரு கை இல்லை. கால்சியத்தை எழுப்பிவிட்டுச் சோடியம் உட்கார்ந்தால் தட்டுகள் தானாக விலகும். ஆக்ராவின் பேட்டா மிட்டாய்க்கு வெண்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது இதற்கு நேர்மாறாக, பிடி இறுகத்தான். குழிகளெல்லாம் கால்சியத்தால் நிறைந்துவிட, கொதிக்கும் பாகில் போட்டாலும் துண்டு கரையாமல் நிற்கிறது.

பருப்பு வேகிறது என்றால் பெரும்பாலும் இந்தப் பசை கரைந்து, செல்கள் பிரிகின்றன என்று பொருள். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. நாம் கழற்றக் கழற்ற, தண்ணீரே புது முட்டைகளைக் கொண்டுவந்து குழிகளில் வைக்கிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு இது ஆய்வுக்கூடம் இல்லாமலே தெரியும். ‘அந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகாது’ என்று சொல்லிக் கடினநீரை அடையாளம் கண்டவர்கள் அவர்கள். ‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்ற வசவுக்குப் பின்னாலும் அப்படியொரு கிணறு இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பருப்பின் வயதும் இதில் சேர்த்தி. புதுப் பருப்பில் பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பை அது. வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால், பருப்பின் சொந்த நொதியே அந்தப் பையைக் கிழித்துவிடும். சிதறிய கால்சியமும் மெக்னீசியமும் பெக்டின் தட்டுகளைத் தேடிப் போகும். விலை ஏறுமுன் ஆறு மாதப் பருப்பை வாங்கி அடுப்புக்கு மேலே பரணில் வைப்பவர்கள், மளிகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கைக் கேஸுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

வரலாறு சுருக்கமாக: பெக்டினுக்குப் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி பிராகொன்னோ, 1825இல். மஞ்சள் பட்டாணி சில சமயம் ஏன் வேக மறுக்கிறது என்று ஆராய்ந்து பைட்டேட்டைக் கைகாட்டியவர் ஸ்வீடனின் மண்ணியல் அறிஞர் சான்டே மாட்சன், 1946இல். தக்காளியின் அடி அழுகலுக்குக் கிருமியைத் தேடி அலைந்தவர்கள் 1940களில் கால்சியத்தின் பக்கம் திரும்பினார்கள். இது போதும்.

வாசகி செய்ய வேண்டியது சுலபம். பருப்பை ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆகாது. குடிக்கப் போர் தண்ணீரைக் காய்ச்சுகிறவர் என்றால், ஆறிய பின் மேலாகத் தெளிந்ததை எடுக்கலாம். கால்சியத்தில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். பருப்புக்காகவே காய்ச்ச வேண்டாம், அதில் மிச்சமில்லை. மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் மிக நல்லது, அதைவிட மென்மையான தண்ணீர் கிடையாது. கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றை ஊறவைக்கும்போது லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்புப் போட்டு, காலையில் வடித்துக் கழுவிவிடுங்கள். ஒற்றைக் கைச் சோடியம் இரவு முழுக்க வேலை பார்த்திருக்கும். சமையல் சோடா இன்னும் வேகமாக மசிக்கும், ஆனால் பி1 வைட்டமினை அழிக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. விசில் எண்ணுவதையும் விடலாம். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்கு ஏற்ற ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேல் அதை ஆவியாக்கச் செலவாகிறது. முதல் விசிலோடு சிம்மில் வைத்தால் அந்த ஆவி குக்கருக்குள்ளேயே இருந்து வேலை செய்யும்.

இனி மாடிக்குப் போவோம். முட்டை ஓடு ஏன் உதவவில்லை? ஒரு கணக்குப் போடுவோம். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமே, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. வெயில் காலத்தில் ஒரு பைக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் ஊற்றினால், பத்து நாளில் 6 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடானது பைக்குள் போகிறது. ஒரு முட்டை ஓட்டின் எடையும் ஏறக்குறைய அதுதான். அதில் பாதி மெக்னீசியம் என்று தள்ளினாலும், இருபது நாளுக்கு ஒரு முட்டை ஓடு, அதுவும் முழுக்கக் கரைந்த நிலையில், செடிக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. நாம் போடும் பொடியோ அமில மண்ணில்தான் மெல்லக் கரையும்; இந்தத் தண்ணீர் படும் பையில் பல மாதம் அப்படியே கிடக்கும். மழைநீர் மட்டும் ஊற்றி, வெறும் தென்னைநார்க் கழிவில் வளர்ப்பவர்களுக்குக் கால்சியக் குறை உண்மையாகவே வரலாம். வாசகியின் சிக்கல் அது அல்ல. பையில் கால்சியம் இருக்கிறது, காயை எட்டவில்லை.

கால்சியம் தண்ணீரோடுதான் மேலே ஏறும். தண்ணீரை இழுப்பவை இலைகள். இலைத்துளைகள் வழியே ஆவி வெளியேற, சைலம் குழாய்களில் நீர் ஏறுகிறது. தக்காளிக் காயின் தோலில் அந்தத் துளை ஒன்றுகூட இல்லை! அதனால் காயால் அவ்வளவாக இழுக்க முடியாது. வெயில் ஏற ஏற இலைகளே தண்ணீரையும் கால்சியத்தையும் வாங்கிக்கொள்கின்றன. இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் காய்க்கு வரவும் வழியில்லை. சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுபோகும் புளோயம் உயிருள்ள செல்களால் ஆனது. உயிருள்ள செல்லுக்குள் கால்சியம் ஏறினால் பாஸ்பேட் திரிந்துபோகும், ஆற்றல் கணக்கே குலையும். அதனால் செல் தனக்குள் கால்சியத்தை வெளியில் இருப்பதைப்போல் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகவே வைத்திருக்கிறது. இலையில் தெளிக்கும் கால்சியம் டானிக்குகள் காய்க்குப் போய்ச் சேராததன் காரணமும் இதுவே. காயிலும் காம்பிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அடிப்பக்கம். சைலம் குழாய்கள் அங்கே மிகக் குறைவு. வேகமாகப் பருக்கும் காயில் முட்டையில்லாத தட்டுகள் முதலில் நழுவுவது அங்கேதான். வறட்சியால் செல்கள் நைந்ததே முதல் காரணம், கால்சியக் குறை அதன் பின்விளைவு என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. இரண்டில் எது சரியானாலும் மருந்து ஒன்றுதான்: பை காய்ந்து காய்ந்து நனையாமல், ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும்.

பூ உதிர்ந்த முதல் இரண்டு மூன்று வாரம் மிக முக்கியம். ஒரே வேளையில் கொட்டாமல் காலையிலும் மாலையிலும் பிரித்து ஊற்றுங்கள். பையின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு மூடாக்குப் போடுங்கள், அதற்குக் காசு வேண்டாம். அடியில் நீர் தேங்கவும் கூடாது, மூச்சு முட்டும் வேர் எதையும் உறிஞ்சாது. யூரியாவை நிறுத்துங்கள். அது இலையைத்தான் பெருக்கும், இலை பெருகினால் காய்க்குப் போட்டி கூடும். காணொளிகள் பரிந்துரைக்கும் எப்சம் உப்பு மெக்னீசியம். வேரின் வாசலில் கால்சியத்தோடு மோதி நிலைமையை மோசமாக்கும். மாலைத் தண்ணீருக்குத் தனி மதிப்பு உண்டு. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும். இழுக்கும் இலை அடங்கியிருப்பதால் காய்க்கும் பங்கு கிடைக்கும். விடியற்காலையில் தக்காளி இலையின் ஓரப் பற்களில் மணி மணியாகச் சொட்டு நின்றால், அது பனி மட்டுமல்ல, வேர் தள்ளிய தண்ணீரும்தான். அதைப் பார்த்த நாளில் நிம்மதியாகக் கீழே இறங்கலாம்.

ஏற்கெனவே கறுத்த காய்கள் தேறாது. பறித்துவிட்டால் அடுத்து வரும் காய்களுக்காவது தண்ணீர் மிஞ்சும். பூஞ்சை ஏறாத காய் என்றால் தூக்கி எறிய வேண்டாம், அது தொற்றுநோய் அல்ல. கறுத்ததை ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாம்பாருக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பருப்பு வெந்த பிறகே போடுங்கள். புளிப்பில் பெக்டின் கரையாது.