மினி டிராக்டருக்குப் பின்னால் எதற்கு கான்கிரீட் டிரம்? வீட்டிலேயே செய்யலாமா?

உழவு ஓட்டும் டிராக்டரின் முன் பம்பரில் இரும்பு வெயிட்டுகள் வரிசையாக மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலப்பை பின்னால் இழுக்கும்போது மூக்கு மேலே தூக்கிவிடக் கூடாது என்பதற்காக அது. இப்போது அதே டிராக்டரின் முன்னால் லோடரைப் பொருத்தி, எருவோ மண்ணோ அள்ளுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை அப்படியே தலைகீழாகிவிடும். இப்போது தூக்கப் பார்ப்பது பின்பக்கம். அதனால் எடையும் பின்னால் போக வேண்டும்.

சொந்த ஊரில் நிலம் வைத்துக்கொண்டு, வார இறுதியில் போய் வேலை பார்க்கும் பலருக்கு 20 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள மினி டிராக்டர்தான் வசதி. அதில் லோடர் மாட்டலாம் என்று யோசிப்பவர்கள் லோடரின் விலையைக் கேட்கிறார்கள், அது எவ்வளவு தூக்கும் என்று கேட்கிறார்கள். பின்னால் என்ன எடை தொங்கவிட வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. உயிருக்கு உலை வைப்பது அந்த மூன்றாவது கேள்விதான்.

பின்னால் எடை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

சீசா பலகை மாதிரிதான். நடுவில் தாங்கும் புள்ளி, முன் சக்கரம். ஒரு பக்கம் பக்கெட்டில் இருக்கும் மண். மறுபக்கம் டிராக்டரின் பின்பாகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லோடரோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள டிராக்டர். முன் சக்கரங்களில் 450, பின் சக்கரங்களில் 450 கிலோ. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 1.5 மீட்டர். முன் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி, பக்கெட்டில் 300 கிலோ மண். 300-ஐ 1.2-ஆல் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் 240 வரும். அதாவது, 300 கிலோவைத் தூக்கியதும் பின் சக்கரத்திலிருந்து 240 கிலோ கழன்றுவிடுகிறது. மீதி 210 கிலோதான். முன் அச்சிலோ 450 கிலோ இருந்த இடத்தில் 990 கிலோ!

வண்டி சமதளத்தில் அசையாமல் நிற்கும்போதுதான் இந்தக் கணக்கு. இறக்கத்தில் இறங்கினாலோ, திடீரென பிரேக் பிடித்தாலோ அந்த 210-ம் குறையும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் பிரேக் மிதித்தும் பயனில்லை. 4 வீல் டிரைவைப் போட்டிருந்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். 2 வீல் டிரைவ் வண்டியில் அந்த உதவியும் கிடையாது.

முன்னால் கவிழ்வதைவிட பக்கவாட்டில் கவிழ்வது ஏன் ஆபத்து?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. டிராக்டரின் முன் அச்சு காரில் இருப்பது போல இல்லை. நடுவில் ஒரு பின்னில் ஊசலாடும்படி பொருத்தப்பட்டிருக்கும். மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையில் பதிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு.

இதனால், வண்டியைத் தாங்கும் அடித்தளம் செவ்வகம் இல்லை, முக்கோணம். இரண்டு பின் சக்கரங்கள் இரண்டு மூலை. முன் அச்சின் நடுப் பின் மூன்றாவது மூலை. பக்கெட்டில் எடை ஏற ஏற, மொத்த எடையின் மையம் அகலமான பின்பக்கத்திலிருந்து குறுகலான முன் நுனியை நோக்கி நகர்கிறது. அந்த நேரத்தில் பக்கெட்டை உயர்த்தினால் மையம் மேலேயும் போகும். ஒரு சக்கரம் வரப்பில் ஏறினாலே போதும், வண்டி சாய்ந்துவிடும்.

பின்னால் தொங்கும் எடை அந்த மையத்தை முக்கோணத்தின் அகலமான பக்கத்துக்கு இழுத்து வருகிறது. அதனால், அது இழுவைக்காக மட்டும் மாட்டுவது இல்லை. ஓட்டுபவரின் உயிருக்கும் அதுதான் காவல்.

டயரில் தண்ணீர் நிரப்பினால் போதாதா?

பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது பழகிய வழிதான். பிடிமானம் கூடும், வண்டி நிலையாக நிற்கும். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. அந்த எடை பின் அச்சுக்கு நேராக உட்காருகிறது. பின்பக்கம் தூக்குவதைத் தடுக்கும்; முன் அச்சின் சுமையை ஒரு கிலோகூடக் குறைக்காது.

அதே கணக்கில், 300 கிலோவை டயரில் வைத்தால் முன் அச்சில் அதே 990 கிலோதான். பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால் லிஃப்ட்டில் தொங்கவிட்டால்? பின் சக்கரத்துக்கு 460 கிலோ கூடுகிறது. முன் அச்சிலிருந்து 160 கிலோ இறங்கி 830 ஆகிறது. எடை அதேதான், வைத்த இடம்தான் வேறு. முன் அச்சின் பேரிங், ஆயில் சீல், டயர் எல்லாம் சீக்கிரம் போகாமல் இருக்க இந்த 160 கிலோ உதவும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது.

எவ்வளவு எடை வேண்டும்?

முதலில் லோடரின் கையேட்டைப் பாருங்கள். பின் எடை எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். அதுதான் இறுதி. அதோடு இரண்டு வரம்புகள் உண்டு.

ஒன்று, டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்கும் திறன். கம்பெனி சொல்லும் அளவு பெரும்பாலும் லிஃப்ட் கைகளின் நுனியில் அளந்தது. எடை அதற்கும் பின்னால் தள்ளிப் போனால் தூக்கும் திறன் குறையும். அதனால் வரம்பை ஒட்டிப் போகாமல் நன்றாகக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு, பக்கெட் காலியாக இருக்கும்போதும் முன் சக்கரத்தில் மொத்த எடையில் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பேசாது. நம் கணக்கில் காலி பக்கெட்டோடு முன்னால் 290 கிலோ, மொத்தம் 1,200 கிலோ. அதாவது சுமார் 24 சதவீதம். இது சரி. ‘கூட இருந்தா நல்லதுதானே’ என்று 500 கிலோவைத் தொங்கவிட்டால் மேட்டில் ஏறும்போது மூக்கு தூக்கும்.

வீட்டிலேயே செய்வது எப்படி?

உலகம் முழுக்க சின்ன டிராக்டர்காரர்கள் செய்யும் எளிய வழி, டிரம்மில் கான்கிரீட். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. அப்படியானால் 300 கிலோவுக்கு 125 லிட்டர் போதும். வழக்கமான 200 லிட்டர் டிரம்மில் அது ஏறக்குறைய அரை மீட்டர் உயரம் வரும். டிரம்மை முழுக்க நிரப்பினால் 480 கிலோ ஆகிவிடும், கவனம்.

டிரம்: பிளாஸ்டிக் டிரம் நல்லது. தேவையான உயரத்துக்கு ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம். பழைய ஆயில், தின்னர், கெமிக்கல் இருந்த இரும்பு டிரம்மை கேஸ் கட்டரால் வெட்டவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். காலி டிரம்தானே என்று நினைப்பதுதான் ஆபத்து.

இரும்புச் சட்டம்: இந்த வேலையின் உயிர் இதுதான். கான்கிரீட் வெறும் எடை; தூக்குவது இரும்பு. டிரம்மின் குறுக்கே ஒரு கெட்டியான ஷாஃப்ட் போக வேண்டும். அதன் இரு நுனிகளும் லிஃப்ட் கைகளில் மாட்டும் பின்களாகும். மினி டிராக்டர்களில் பரவலாக உள்ள முதல் வகை லிங்கேஜில் கீழ் பின்னுக்கு 22 மில்லிமீட்டர், டாப் லிங்க் பின்னுக்கு 19 மில்லிமீட்டர் விட்டம். இருந்தாலும் உங்கள் வண்டியில் அளந்து பார்த்துவிட்டே பட்டறைக்குப் போங்கள். ஷாஃப்டிலிருந்து இரண்டு தடித்த பட்டைகள் மேலே எழுந்து, கான்கிரீட்டுக்கு வெளியே டாப் லிங்க்குக்கான துளையோடு நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டமாக வெல்டிங் செய்து, சுற்றிலும் கட்டடக் கம்பியைக் கோத்துவிடுங்கள். தனித்தனியாகப் புதைத்த கம்பி நாளடைவில் ஆடத் தொடங்கும். பின்களின் நுனியில் லாக் பின் போட துளையும் வேண்டும்.

கலவை: 1 பங்கு சிமென்ட், 2 பங்கு மணல் அல்லது எம்-சாண்ட், 4 பங்கு ஜல்லி. 300 கிலோவுக்கு 50 கிலோ மூட்டை ஒன்றே போதும், கொஞ்சம் மிஞ்சும். தண்ணீரைக் குறைவாக ஊற்றி, கம்பியால் நன்றாகக் குத்தி, காற்று தங்காமல் நிரப்புங்கள். சட்டம் சாயாமல் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறுகிவிட்டால் திருத்த முடியாது.

காத்திருப்பு: குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விடுங்கள். கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் என்பது கணக்கு. அவசரப்பட்டு மறுநாளே தூக்க வேண்டாம்.

கான்கிரீட் வேண்டாம் என்றால், தடித்த இரும்புத் தகட்டில் பெட்டி செய்து மணல் நிரப்பலாம். தேவைக்கேற்ப கூட்டிக் குறைக்க முடியும். ஆனால் காய்ந்த மணல் கன மீட்டருக்கு 1,600 கிலோ அளவுதான் என்பதால் பெட்டி பெரிதாகும்.

செலவே இல்லாத வழி இருக்கிறதா?

இருக்கிறது. உங்களிடம் ரொட்டவேட்டர் இருந்தால் அதையே மாட்டிக்கொண்டு லோடர் வேலை பார்க்கலாம். எப்போதாவது மட்டும் மண் அள்ளுபவர்களுக்கு அதுவே போதும். அதன் எடை, லோடர் கையேடு கேட்கும் அளவுக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பிடிஓ ஓடக் கூடாது; திரும்பும்போது பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது யார் மீதும் படக் கூடாது. குட்டையான டிரம்முக்கு இந்த இடத்தில்தான் அனுகூலம்.

மாட்டிய பிறகு கவனிக்க வேண்டியவை

முதல் முறை மெதுவாக ஏற்றி இறக்கி, டிரம் டயரிலோ பிடிஓ ஷாஃப்டிலோ உரசுகிறதா என்று பாருங்கள். ஓட்டும்போது பக்கெட்டும் பின் எடையும் இரண்டுமே தரைக்கு அருகிலேயே இருக்கட்டும். நிறுத்தியதும் இரண்டையும் தரையில் இறக்கிவிடுங்கள். தூக்கிய எடைக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. ஹைட்ராலிக்கை நம்பி யாரும் கீழே குனிய வேண்டாம். வண்டியில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தால் அதை நிமிர்த்தி வைத்து, சீட் பெல்ட்டும் போடுங்கள்.

கணக்கு சரியா என்று சந்தேகமா? பக்கத்து எடை மேடைக்கு ஓட்டிப் போங்கள். முதலில் பக்கெட்டைக் காலியாக வைத்து, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை; முழு வண்டியையும் ஏற்றி ஒரு எடை. அடுத்து பக்கெட்டில் சுமையோடு, தரையை ஒட்டி வைத்துக்கொண்டு, அதே இரண்டு எடை. காலி வண்டியில் முன்னால் 20 சதவீதம் நிற்கிறதா, சுமையோடு முன் அச்சு கையேட்டில் உள்ள வரம்புக்குள் இருக்கிறதா, பின்னால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது மூன்றும் அங்கேயே தெரிந்துவிடும். டிரம் செய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்த எடைச் சீட்டுக்கான காசு ஒன்றுமே இல்லை.