கயிற்றை இழுக்கும் உரிமை

வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்வோருக்கு வணங்கும் முறை, விருந்து மரியாதை, பரிசு கொடுக்கும் வழக்கம் எல்லாம் கற்றுத்தரும் பயிற்சி வகுப்புகள் இன்று ஏராளம். அவை வேண்டாதவை அல்ல. ஆனால், கூட்டு நிலைப்பதும் முறிவதும் அங்கே தீர்மானமாவதில்லை. வேலையில் தவறு நேர்ந்தால் யார் வாய் திறக்கலாம், திறந்தவருக்கு என்ன நேரும் என்பதில்தான் இரு நாட்டுப் பழக்கங்களும் உண்மையாக மோதுகின்றன.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை இதற்குத் தெளிவான சான்று. நிர்வாகமும் தொழிற்சங்கமும் பகையாளிகளாக நின்ற அந்த ஆலையில் சொல்லாமல் விடுப்பு எடுப்பது மலிந்திருந்தது; 1982-இல் அது மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து ‘நம்மி’ என்ற பெயரில் அதை மீண்டும் இயக்கின. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்களே, சங்கமும் பழையதே. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே அங்கே தயாரான கார்களின் தரம் டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகளை எட்டிப்பிடித்தது. நூற்றுக்கணக்கான ஊழியர்கள் ஜப்பான் சென்று பயின்று வந்தார்கள். குறை கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்றானது. பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம்! டொயோட்டாவும் தன் பங்குக்கு வளைந்து கொடுத்தது. முரட்டுச் சங்கம் என்று பெயரெடுத்திருந்த அமெரிக்கத் தொழிற்சங்கத்தை ஏற்றது. 1980-களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோதும் ஆட்குறைப்புச் செய்யாமல் தொழிலாளர்களைப் பயிற்சியில் வைத்துக்கொண்டது.

வேலை பறிபோன பயமே இந்தத் தொழிலாளர்களை மாற்றியது என்று சிலர் வாதிடலாம். பயம் ஒருவரை நேரத்துக்கு வேலைக்கு வரவைக்கும். மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசையை நிறுத்தும் துணிவைத் தராது. நம்மியும் 2010-இல் நின்றுபோனதே என்றால், அதற்கு முந்தைய ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியதை மறக்கக்கூடாது. எல்லாம் உற்பத்தி முறையின் வெற்றி, பண்பாட்டுக்கு இதில் என்ன வேலை என்பதே வலுவான எதிர்வாதம். ஆனால், அந்த முறையை ஜெனரல் மோட்டார்ஸ் பக்கத்தில் இருந்தே பார்த்தது; அதே மாநிலத்தின் வான் நைஸ் ஆலையில் செய்தும் பார்த்தது. அங்கே பணிமூப்பு உரிமை போய்விடுமோ என்று தொழிலாளர்கள் அஞ்சினார்கள். எத்தனை கார் வெளியேறியது என்ற கணக்கிலேயே கண்ணாக இருந்த மேலாளர்களுக்கு வரிசை நிற்பது பொறுக்கவில்லை. முறை ஒன்றுதான், அதை நம்பி விட்டுக்கொடுக்க இரு தரப்புமே தயாராக இல்லை. 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது.