வகுப்பை நிறுத்திய விமானம்!

அரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தேன். கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தேன். எனக்குப் பெரிய குரல். நான் பாடம் நடத்தினால் நாலாவது அறைக்கும் கேட்கும் என்பார்கள்.

அந்தக் குரலையும் அமுக்கிவிடும் குரல் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. அது ஒரு விமானத்தின் குரல்!

அரக்கோணத்தில் கடற்படையின் விமான தளம் இருக்கிறது. பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. 1992-ம் ஆண்டு மார்ச் மாதம், அப்போது ஜனாதிபதியாக இருந்த ஆர்.வெங்கட்ராமன் அதைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டில் கோவாவில் இருந்து சில ராட்சத விமானங்கள் அங்கு வந்து சேர்ந்தன. அவை சோவியத் நாட்டில் செய்யப்பட்டவை. "டி.யு.142" என்பது அவற்றின் பெயர். 1988-ம் ஆண்டு முதல் நம் கடற்படையில் இருந்தவை.

எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "பெருசு வருது" என்றுதான் சொல்வார்கள்.

"பெருசு" தலைக்கு மேல் வந்தால் ஜன்னல் கதவுகள் அதிரும். மாடு கயிற்றை இழுக்கும். பையன்கள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். நான் சாக்பீசும் கையுமாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்பேன். அது போன பிறகுதான் பாடம்.

பையன் கேட்ட கேள்வி

1996-ம் ஆண்டு. ஆறாம் வகுப்பு. விமானம் போய் முடிந்ததும் ஒரு பையன் எழுந்தான்.

"சார், அதுக்குள்ளே என்ன சார் இருக்குது?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. "தெரியாதப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பாடத்தில் ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லை. விமானத்துக்குள்ளே என்ன இருந்தால் உனக்கென்ன? உட்காருடா!" என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. பையன் உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பையும் நிறுத்திவிட்டான். வீட்டுக் கஷ்டம்தான் காரணம். ஆனாலும் என் மனதில் ஒரு முள் தங்கிவிட்டது.

இப்போது அவன் அரக்கோணத்தில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வணக்கம் சொல்கிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

2017-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி அந்த விமானங்களுக்கு ராஜாளி தளத்தில் பிரிவு உபசாரம் நடந்தது. 29 ஆண்டு சேவை. சுமார் 30 ஆயிரம் மணி நேரம் பறந்தும் ஒரு விபத்து இல்லை. அவற்றில் ஒன்றை விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோய், கடற்கரையில் காட்சிசாலையாக நிறுத்திவிட்டார்கள் என்று படித்தேன். உள்ளேயும் போய்ப் பார்க்கலாமாம்!

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். என் மகள் விஜயவாடாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், "நாளைக்கு விசாகப்பட்டினம் போய் வருகிறேன்" என்றேன்.

"தனியாகவா அப்பா? உங்களுக்குத் தெலுங்கு தெரியாதே!" என்றாள்.

"விமானத்தைப் பார்க்கத் தெலுங்கு எதற்கம்மா?" என்றேன். அவள் இட்லி கட்டிக் கொடுத்தாள்.

கோதாவரிக்கு ஒரு காசு

விஜயவாடாவில் இருந்து விசாகப்பட்டினம் சுமார் 350 கிலோமீட்டர். காலையில் புறப்படும் ரத்னாசல் எக்ஸ்பிரசில் ஏறினால் மதியத்துக்குப் போய்விடலாம். எனக்கு ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தது. ஏலூர் தாண்டியது. இரண்டு பக்கமும் வயலும் வாய்க்காலும் தென்னையுமாக ஒரே பச்சை. கோதாவரி பாய்ந்து வளர்த்த பூமி அல்லவா!

எதிரே ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். என்னைச் சற்று நேரம் பார்த்தார். "ஒண்டரிகா?" என்று கேட்டார்.

தெலுங்கு தெரியாத எனக்கு அது புரிந்துவிட்டது. நாமும் "ஒண்டியாக" என்று சொல்கிறோமே! "ஆமாம்மா, ஒண்டிதான்" என்றேன். பாட்டி சிரித்தார்.

கொவ்வூரைத் தாண்டியதும் ரெயில் கோதாவரிப் பாலத்தில் ஏறியது. அது ஆறா, கடலா என்று சந்தேகம் வந்துவிடும். அவ்வளவு அகலம்! இங்கே முதல் ரெயில் பாலம் 1900-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1997-ம் ஆண்டோடு அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அது இன்னும் ஆற்றில் நிற்கிறது. கீழே ரெயிலும் மேலே பஸ்சும் போகும் பாலம் ஒன்று. வில்லை வளைத்து வைத்ததுபோல் கான்கிரீட் வளைவுகள் கொண்ட பாலம் ஒன்று. இப்போது ரெயில்கள் போவது இவற்றில்தான்.

பாட்டி முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்துக் கோதாவரித் தாய்க்குப் போட்டார். என் கையிலும் ஒரு காசை வைத்தார். நானும் போட்டேன்.

அன்னவரத்தில் சத்தியநாராயணர் கோவில் இருக்கும் மலைக்கு ரத்தினகிரி என்று பெயர். எங்கள் ரெயிலுக்குப் பெயர் கொடுத்தது அந்த மலைதான். பாட்டி அங்கே இறங்கிக்கொண்டார். பிறகு துனி, அதற்கு அப்பால் வெல்லச் சந்தைக்குப் பெயர்பெற்ற அனகாபள்ளி. மதிய வெயிலில் விசாகப்பட்டினம் வந்துவிட்டது.

கடற்கரையில் "பெருசு"

சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் கடற்கரைச் சாலைக்குப் போனேன். தூரத்தில் இருந்தே தெரிந்துவிட்டது. அந்த வாலும் இறக்கையும் என் கண்ணுக்குத் தப்புமா?

2017-ம் ஆண்டு ஏப்ரலில் இந்த விமானம் விசாகப்பட்டினம் கடற்படை விமான தளத்தில் கடைசித் தடவையாக இறங்கியது. அங்கே பாகம் பாகமாகப் பிரித்துச் சாலை வழியாகக் கொண்டுவந்து, இங்கே மறுபடியும் பூட்டி நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, அப்போதைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் காட்சிசாலையைத் திறந்து வைத்தார்.

நீளம் 50 மீட்டருக்கு மேல். இறக்கையின் ஒரு நுனியில் இருந்து மறு நுனிக்கு 50 மீட்டர். எங்கள் பள்ளிக்கூடத்துக் கட்டடமே அதன் நிழலில் அடங்கிவிடும்!

நாலு யந்திரங்கள். ஒவ்வொன்றும் சுமார் 15 ஆயிரம் குதிரைசக்தி உடையது. ஒவ்வொரு யந்திரத்துக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு விசிறிகள். முன் விசிறி ஒரு பக்கம் சுற்றினால், பின் விசிறி எதிர்ப் பக்கம் சுற்றும். மொத்தம் 32 இதழ்கள். முன் விசிறி கலக்கிவிட்ட காற்றைப் பின் விசிறி வெட்டுகிறது. இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தையும் மிஞ்சிவிடுகிறது. என் வகுப்பை நிறுத்திய சத்தம் பிறந்த இடம் இதுதான்!

ஜெட் விமானமாகவே செய்திருக்கலாமே என்று கேட்கலாம். எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டு, கடலுக்கு மேல் மணிக்கணக்காகச் சுற்ற வேண்டும். அதற்காகவே விசிறி வைத்தார்கள். அப்படியும் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தை இது தொடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

படியேறி உள்ளே போனேன். வெளியே மலை, உள்ளே சந்து! தலையைக் குனிந்து நடக்க வேண்டியிருந்தது. முள்ளும் எண்ணும் போட்ட கருவிகள், பொத்தான்கள், கம்பிகள். பத்துப் பேருக்கு மேல் இதற்குள் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கப் பறந்திருக்கிறார்கள்.

எதற்காகப் பறந்தார்கள்? நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக.

கடலுக்கு அடியில் கப்பல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ரேடார் அலைகளும் தண்ணீருக்குள் போகாது. ஆனால் சத்தம் போகும். காற்றில் போவதைப்போல் நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். ஆகவே, நீர்மூழ்கிக் கப்பலைக் காதால்தான் தேட வேண்டும்.

காட்சிக் கூடத்தில் நீண்ட குழாய்கள் சிலவற்றை வைத்திருக்கிறார்கள். சோனோபாய் என்று பெயர். விமானத்தில் இருந்து இவற்றைக் கடலில் போடுவார்கள். ஒரு சின்ன பாராசூட்டில் இறங்கித் தண்ணீரில் மிதக்கும். அடியில் ஒரு மைக்கைக் கம்பியில் தொங்கவிடும். ஆழத்தில் ஒரு கப்பலின் யந்திரம் முனகினால் அந்தச் சத்தத்தைப் பிடித்து, ரேடியோ மூலம் மேலே அனுப்பும். விமானத்துக்குள் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஊரையே அதிர வைத்த விமானம். ஆனால் அதன் தொழில் என்ன? காது கொடுத்துக் கேட்பது! எங்கோ ஆழத்தில் எழும் சின்னஞ்சிறு சத்தத்தைத் தவறவிடாமல் கேட்பது! தன் சத்தத்தில் தனக்கே எதுவும் கேட்காது என்று தெரிந்து, காதைக் கழற்றிக் கடலில் மிதக்கவிட்டு, அது சொல்வதைக் கேட்டிருக்கிறது. பெரிய குரல் படைத்த எனக்கு அந்த வித்தை தெரியாமல் போய்விட்டதே!

வெளியே வந்தேன். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சாலைக்கு எதிர்ப்புறம் கடற்கரை மணலில் நிற்பது எது தெரியுமா? ஒரு நீர்மூழ்கிக் கப்பல்! 1969 முதல் 2001 வரை நம் கடற்படையில் இருந்த "குர்சுரா". 2002-ம் ஆண்டில் இருந்து அதுவும் காட்சிசாலை. அதற்குள்ளும் மக்கள் போய் வருகிறார்கள். தேடுவதற்கென்று பிறந்தது சாலைக்கு இந்தப் பக்கம். தேடப்படுவதற்கென்று பிறந்தது அந்தப் பக்கம். இரண்டும் ஓய்வு பெற்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன!

பதில்

கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து செல்போனை எடுத்தேன். கடையில் இருந்த அவன் பதறிப்போனான்.

"சார், என்ன சார்? உடம்பு நல்லா இருக்குதா?"

"உடம்புக்கு ஒன்றுமில்லையப்பா. ஆறாம் வகுப்பில் நீ ஒரு கேள்வி கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? 'பெருசு'க்குள்ளே என்ன இருக்கிறது என்று?"

சிறிது நேரம் பேச்சே இல்லை. கடையில் யாரோ ஒரு வண்டியை முறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்குது சார்" என்றான்.

"அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதனால்தான் உன்னை உட்காரச் சொன்னேன். அது என் தப்பு. இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்குள்ளே காது இருக்கிறதப்பா" என்றேன்.

"காதா சார்?" என்றான்.

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டான்.

"சார், போன்ல வேணாம். ஊருக்கு வந்ததும் வீட்டுக்கு வாங்க. என் பொண்ணு ஆறாவது படிக்குது. வாய் ஓயாம கேள்வி கேக்கும். அதையும் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்றான்.

இரவு ரெயிலில் விஜயவாடா திரும்பினேன். கோதாவரிப் பாலம் வந்தபோது ரெயில் முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது. பையில் இருந்து ஒரு காசை எடுத்து ஆற்றில் போட்டேன். அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் போனேன். அந்தச் சிறுமி என்னைப் பேசவிட்டால்தானே! ஒரு மணி நேரத்தில் 17 கேள்விகள் கேட்டாள். நாலு கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

"தெரியாதம்மா. கேட்டு வந்து சொல்கிறேன்" என்றேன்.