எல்லையோரத் தாய்மார்களின் எடைக் கணக்கு

பொழுது விடிவதற்குள் போடி, கம்பம் பகுதி ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பி விடுகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழிகளில் மலையேறி, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கத்து ஏலத் தோட்டங்களில் ஆட்களை இறக்கி விட்டு, மாலையில் மீண்டும் ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன. நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மடியில் தூக்குச்சட்டி. அதில் சோறு, குழம்பு, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு துண்டு கருவாடு. இவர்களில் நாலு மாதம், ஐந்து மாதம் கர்ப்பிணிகளும் இருப்பார்கள். வயிறு வெளியே தெரிகிறவரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் ஜீப்பில் இடம் இருக்காது என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயத்தில் கழிந்துபோகும் நாலைந்து மாதங்கள்தாம் குழந்தையின் எடையையும், தாயின் இரத்தத்தையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. நல்ல ஆஸ்பத்திரிகளுக்கும், குறைந்த சிசு மரணத்துக்கும் பெயர் பெற்ற மாநிலம் கேரளம். ஆனால் அதன் கிழக்கு விளிம்பில், பாலக்காட்டிலும் இடுக்கியிலும், தமிழ் பேசுகிற தாய்மார்களின் நிலைமை அந்தப் பெயருக்கு ஏற்றதாக எல்லா இடத்திலும் இல்லை.

அட்டப்பாடி சொன்ன பாடம்

இதற்கு முதல் சாட்சி அட்டப்பாடி. கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகப் போனால் எல்லை தாண்டியதும் அட்டப்பாடிதான். அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களின் பூமி. இருளர் பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் பழங்குடியினராக இருந்த இடத்தில், இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ்நாட்டிலிருந்தும், கேரளத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள்தாம் மிச்சம்.

2013இல் அங்கே பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. பல குழந்தைகள் பிறக்கும்போதே இரண்டு கிலோ கூட இல்லை. நாடு முழுவதும் பத்திரிகைகளில் செய்தி வந்தது. குழுக்கள் வந்தன. குழந்தைக்கு வந்த நோய் என்ன என்று ஆராயப் போனவர்களுக்குக் கிடைத்த விடை தாயின் உடம்பில் இருந்தது. கர்ப்ப காலத்தில் போதிய உணவில்லை. கடுமையான இரத்த சோகை. தாயே ஒல்லியான, வயது குறைந்த பெண்.

முன்பு அந்த மலையில் விளைந்தது கேழ்வரகு, சாமை, தினை, துவரை, அவரை. காட்டில் கீரைக்கும் கிழங்குக்கும் குறைவில்லை. நிலம் கைமாறியது; காடு சுருங்கியது; தானியத்துக்குப் பதில் ரேஷன் அரிசி வந்தது. அரிசி வயிற்றை நிரப்பும். ஆனால் கேழ்வரகு கொடுத்த சுண்ணாம்புச் சத்தையும், துவரை கொடுத்த புரதத்தையும் அது கொடுக்காது. பசி என்று சொல்லிக்கொள்ளவும் முடியாத ஒரு பட்டினி அது.

பிறகு குடும்பஸ்ரீ மூலம் ஊருக்கு ஊர் சமுதாயச் சமையலறைகள் தொடங்கப்பட்டன. பழங்குடித் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் முதல் மாதந்தோறும் பணம் கொடுக்கும் 'ஜனனி ஜன்ம ரக்ஷா' திட்டம் வந்தது. 2017இல் சிறுதானியச் சாகுபடியை மீட்கும் திட்டமும் தொடங்கியது. கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசு ஆஸ்பத்திரி இயங்கி வருகிறது. இவ்வளவுக்குப் பிறகும் 2021 நவம்பரில் சில நாட்களுக்குள் மீண்டும் குழந்தைகள் இறந்து, அமைச்சர் நேரில் வர வேண்டியதாயிற்று. பத்து மாதத்துக்கு முன் ஆரம்பிக்க வேண்டிய வேலையைப் பிரசவ வார்டில் ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும்.

அட்டப்பாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை நோய் அங்கே சிலரிடம் காணப்படுகிறது. அது இருப்பவர்கள் மற்றவர்களைப் போல் இரும்பு மாத்திரையைத் தாங்களாகவே வாங்கி விழுங்கக்கூடாது. டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும்.

எத்தனை கிலோ கூட வேண்டும்?

'வயிற்றுப்பிள்ளைக்காரி இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும்' என்று ஒரு பாட்டி சொல்வாள். 'நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும், அளவோடு தின்னு' என்று இன்னொரு பாட்டி சொல்வாள். எல்லையோரத்து வீடுகளில் இரண்டாவது பாட்டியின் பேச்சுதான் அதிகம் எடுபடுகிறது. இருவர் சொல்வதும் தவறு. ஆனால் ஒல்லியான பெண்ணுக்கு இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

சராசரி உடல்வாகு உள்ள பெண் பத்து மாதத்தில் சுமார் 11 முதல் 16 கிலோ வரை எடை கூடலாம். நம் நாட்டுப் பெண்களுக்கு 10 முதல் 12 கிலோ என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்வதுண்டு. கர்ப்பமாகும்போதே மெலிந்திருப்பவள் 12 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். ஏற்கனவே பருமனாக இருப்பவளுக்கு 7 முதல் 11 கிலோ போதும். மிகவும் பருமனானவளுக்கு 5 முதல் 9 கிலோ. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் கர்ப்பத்துக்கு முன் 41 கிலோதான் இருந்தாள் என்றால் அவள் மெலிந்தவள். 56 கிலோவைத் தாண்டியிருந்தால் பருமனானவள் கணக்கில் வருவாள்.

இவ்வளவு எடையும் எங்கே போகிறது என்று கேட்கலாம். 12 கிலோ கூடினால் குழந்தை 3 கிலோவுக்குச் சற்று மேல். நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் சேர்ந்து ஒன்றரை கிலோவுக்குப் பக்கம். வளர்ந்த கர்ப்பப்பை ஒரு கிலோ. அதிகமாகச் சுரந்த இரத்தம் ஒன்றரை கிலோ. உடம்பில் தங்கும் நீர் இன்னொரு ஒன்றரை. மார்பகங்களில் கொஞ்சம். மீதி மூன்று கிலோவுக்கு மேல் கொழுப்பு. அந்தக் கொழுப்பு வீணில்லை. பிரசவத்துக்குப் பிறகு பால் சுரக்க உடம்பு போட்டு வைக்கிற சேமிப்பு அது.

முதல் மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு கிலோ கூடினால் போதும். மசக்கையால் சிலருக்கு அதுவும் கூடாது, பயப்பட வேண்டியதில்லை. நாலாம் மாதம் முதல் மாதத்துக்கு ஒன்றரை முதல் 2 கிலோ கூடி வர வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து முள் நகரவில்லை என்றால் டாக்டரிடம் கேட்க வேண்டும். ஒரே வாரத்தில் திடீரென எடை ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் இருந்தால் அது சத்து ஏறியதல்ல, இரத்தக் கொதிப்பு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிறக்கும் குழந்தை இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்று கணக்கு. அந்தக் குறை தொட்டிலோடு முடிவதில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியரின் முற்றுகையால் ஹாலந்தின் மேற்குப் பகுதியில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது வயிற்றில் இருந்த குழந்தைகளை ஐம்பது, அறுபது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். கடைசி மாதங்களில் தாய் பட்டினி கிடந்திருந்தால் குழந்தையின் எடை குறைந்தது. முதல் மாதங்களில் பட்டினி என்றால், எடை சரியாகப் பிறந்தவர்களுக்குக்கூடப் பிற்காலத்தில் இருதய நோய் அதிகமாக வந்தது.

தேயிலைக் காட்டில் தேநீரே பகை

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுகிறார்கள். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது இந்தப் பகுதிகள் கேரளத்தோடு இருந்துவிட்டன. லயத்து வாழ்க்கையில் காலை எழுந்ததும் கட்டஞ்சாயா. வேலைக்கு நடுவில் ஒன்று, சோற்றோடு ஒன்று. குளிருக்கு வேறு வழியில்லை, உண்மைதான். ஆனால் சாயாவில் உள்ள துவர்ப்புப் பொருள் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஊருக்கெல்லாம் தேயிலை கொடுக்கிற கை, தன் இரத்தத்துக்கு வேண்டிய இரும்பை அதே தேயிலைக்கு இழக்கிறது.

தேநீரை அடியோடு விட வேண்டாம். சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால் போதும். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ, ஒரு நெல்லிக்காயோ, கொய்யாத் துண்டோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7க்குக் கீழே போனால் ஆபத்து. பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் அந்த உடம்பு தாங்காது. நாலாம் மாதம் முதல் தினம் ஒரு இரும்பு மாத்திரை, குறைந்தது 180 நாள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் உண்டு. மலம் கறுக்கிறது, குமட்டுகிறது என்று பலர் அதை ஜன்னல் மேல் வைத்து விடுகிறார்கள். கறுப்பதில் கெடுதல் இல்லை. குமட்டினால் இரவு படுக்கும் முன் போட்டுக்கொள்ளலாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் விழுங்கக்கூடாது. ஒன்று மற்றதைக் கெடுக்கும். வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவால் இரத்தம் போவதும் உண்டு. மூன்று மாதம் தாண்டிய பிறகு புழு மாத்திரை ஒன்று போதும். அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

கடைத்தெருவில் கேட்க வேண்டியது

நாலாம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதல் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு முட்டை, கணக்கு முடிந்தது. ஹார்லிக்ஸ் டப்பாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் பல நாளைக்கு முட்டை வாங்கலாம்.

புதிதாக வந்தவர்களுக்குக் கடையில் பெயர் தெரியாமல் திண்டாட்டம். கேழ்வரகு என்று கேட்டால் கிடைக்காது. முத்தாரி, பஞ்ஞப்புல்லு, கூவரகு என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். சீர என்றால் கீரை. மத்தி மீன் விலை இறங்கும் நாளில் அதைவிட நல்ல சத்துணவு இல்லை. கப்பை வயிற்றை அடைக்கும், புரதம் இல்லை. அதோடு மீனோ பயறோ சேர்த்தால்தான் அது சாப்பாடு. முருங்கைக்கீரை இரு மாநிலத்துக்கும் பொது. பக்கத்து வீட்டு மரத்தில் கேட்டாலே கொடுப்பார்கள்.

பாலக்காடு நகரத்திலும் கஞ்சிக்கோட்டிலும் ஆபீஸ் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் பிரச்சினை நேர்மாறு. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது, மாலையில் பழம்பொரி, பேக்கரிப் பலகாரம், 'மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடு' என்ற தாராளம். எடை எகிறி, கர்ப்பகாலச் சர்க்கரை வந்து நிற்கிறது. அவர்களுக்குத் தினம் அரை மணி நடையும், சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம்.

அட்டை எங்கே?

வெளியூரில் பிழைப்பவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். தேவாரத்திலோ பொள்ளாச்சியிலோ இருக்கும் நர்ஸம்மா கேட்கிற முதல் கேள்வி, 'இதுவரை எடை எவ்வளவு, இரத்தம் எவ்வளவு?' அட்டை மலையில் லயத்துப் பெட்டியில் கிடக்கிறது. முந்தைய மாத எடை தெரியாமல் இன்றைய எடைக்கு அர்த்தம் இல்லை. தாய் சேய் அட்டையை மாப்பிள்ளை வீட்டுச் சீர்வரிசையைவிடப் பத்திரமாகக் கையோடு கொண்டு போக வேண்டும். எங்கு பதிந்தாலும் அந்தப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது.

'ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறது, இங்கே அங்கன்வாடியில் கொடுப்பார்களா?' என்று தயங்குபவர்கள் பலர். கொடுக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரையும், வசிக்கும் இடத்து அங்கன்வாடி மூலம் உணவு உரிமை உண்டு. மலையாளம் தெரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம். எல்லையோரத்தில் தமிழ் புரியாத அங்கன்வாடி டீச்சர் அபூர்வம்.

சம்பளத்தோடு பேறுகால விடுமுறை, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 2017 முதல் 26 வாரம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே கணக்குதான். பிரசவத் தேதிக்குப் பத்து வாரம் இருக்கும்போதே கடின வேலை வேண்டாம் என்று கேட்கவும் உரிமை உண்டு. பெரிய தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளிக்கு இது கைக்கு எட்டும். ஜீப்பில் ஏறி வந்து நாட்கூலி வாங்கும் ஏலத் தோட்டப் பெண்ணுக்கு எந்தப் பதிவேட்டில் 80 நாள் எழுதியிருக்கிறது? கங்காணியின் நோட்டில் முதல் பெயர் மட்டும் இருக்கும், வருஷம் இருக்காது.

ஏலத் தோட்டத்தில் பூச்சி மருந்து அடிப்பதும் அதிகம். மருந்தடிக்கும் நாளிலாவது கர்ப்பிணியை வேறு பாத்திக்கு அனுப்பச் சொல்லிக் கணவனும் கூடவருகிறவர்களும் கேட்கலாம். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருகிறது. குறைமாதப் பிரசவத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மாலை நாலு மணிக்கு மேல் ஜீப்புகள் மீண்டும் போடிமெட்டில் வளைந்து இறங்குகின்றன. வீட்டுக்குப் போனதும் அடுப்பு மூட்டி, எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் அவள்தான். வயிற்றில் பிள்ளை இருக்கும் மாதங்களிலாவது அவள் தட்டை முதலில் வைக்க வீட்டிலுள்ள ஆண்பிள்ளைக்குக் காசு எதுவும் செலவில்லை.