சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது கர்னலுக்குள் நடப்பது

லினக்ஸில் ஒரு நிரல் சீரியல் போர்ட்டைத் திறந்ததும், கர்னல் அந்தப் போர்ட்டின் டிரைவரில் உள்ள ஸ்டார்ட்அப் பகுதியை அழைக்கிறது. 16550ஏ வகைச் சீரியல் சிப்பில் முதல் வேலை துப்புரவு. பைட்டுகளை வரிசையாகத் தேக்கிவைக்கும் ஃபைஃபோவைக் காலி செய்து, நிலை ரெஜிஸ்டர்களை ஒருமுறை படித்து, பழைய பைட்டுகளையும் பிழைக் குறிகளையும் கழித்துவிட வேண்டும். அடுத்து, இன்டரப்ட் வந்தால் கவனிக்கப்போகும் ஹேண்ட்லரைக் கர்னலிடம் பதிவு செய்ய வேண்டும். பைட் வந்ததைச் சொல்லும் இன்டரப்டைச் சிப்பில் இயக்குவது கடைசியில்தான். பல கருவிகள் பகிரும் இன்டரப்ட் பாதையில் இந்த வரிசை பிசகினால் வினை பெரிது. 1,00,000 இன்டரப்டுகளில் 99,900க்கு மேல் யாரும் பொறுப்பேற்காவிட்டால் கர்னல் அந்தப் பாதையையே அடைத்துவிடும். தவறு செய்யாத மற்றக் கருவிகளும் அதோடு முடங்கும்.

பெறும் வேலை தொடங்கியபின் எல்லாமே நேரக்கணக்கு. 115200 பாட் வேகத்தில், தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். ஏறத்தாழ 87 மைக்ரோவினாடிக்கு ஒரு பைட் வந்து விழும். 16 பைட் ஃபைஃபோ 1.4 மில்லிவினாடியில் நிரம்பிவிடும். அதற்குள் எடுக்காவிட்டால் அடுத்து வருவது தொலைந்தது. ஓவர்ரன் குறி மட்டும் மிஞ்சும்.

பைட்டை எடுக்கும் ஹேண்ட்லர், அனுப்பும் நிரல், போர்ட் கன்சோலாகவும் இருந்தால் அதில் செய்தி எழுதும் கர்னல் ஆகிய மூன்றும் ஒரே ரெஜிஸ்டர்களைத் தொடுவதால் போர்ட்டுக்கு ஸ்பின்லாக் என்ற ஒரு பூட்டு உண்டு. பூட்டுக்குக் காத்திருப்பவர் தூங்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார். நிரல் பக்கம் பூட்டை வைத்திருக்கையில் அதே சிபியூவில் இன்டரப்ட் புகுந்தால், ஹேண்ட்லர் என்றைக்கும் கிடைக்காத பூட்டுக்காகச் சுற்றும், இயந்திரம் உறைந்துபோகும். ஆகவே பூட்டை எடுக்கும்போதே அந்தச் சிபியூவின் இன்டரப்டுகளும் நிறுத்தப்படுகின்றன. ஹேண்ட்லரைப் பதிவு செய்யும் வேலை இடையில் தூங்கக்கூடியது. அதனால் அதை ஸ்பின்லாக்குக்குள் செய்யக் கூடாது. போர்ட்டைத் திறக்கும் கட்டம் முழுவதையும் காப்பது தூங்க இடம்கொடுக்கும் மியூடெக்ஸ் என்ற வேறொரு பூட்டு.

பூட்டை எவ்வளவு நேரம் பிடிக்கிறோம் என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இந்த வகைச் சிப்புகளை இயக்கும் 8250 டிரைவரின் வழக்கமான கன்சோல் எழுத்து, செய்தி முடியும்வரை பூட்டை விடாது. 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு 115200 பாட்டில் 7 மில்லிவினாடி ஆகும். ஃபைஃபோ நிரம்ப 1.4 மில்லிவினாடி போதும். அந்த நேரத்தில் அதே போர்ட்டில் தரவு இடைவிடாமல் வந்தால் இழப்பு நிச்சயம். தரவு வாங்கும் போர்ட்டும் கன்சோலும் தனித்தனியாக இருப்பதே நல்லது.

கர்னலே நொறுங்கும் தருணத்துக்கு மட்டும் இந்தப் பூட்டு விதியில் விலக்கு உண்டு. பூட்டை வைத்திருந்த நிரல்பகுதியே செத்திருக்கலாம் என்பதால், கன்சோல் பூட்டை முயன்று மட்டும் பார்க்கிறது. கிடைக்காவிட்டாலும் செய்தியை எழுதிவிடுகிறது.