ஓய்வும் எழுத்தும்

தொழிலினின்று ஓய்வு பெற்ற மறுநாளே, தம் வாழ்வின் பயன் முடிந்ததெனக் கருதி ஒடுங்கிவிடுவோர் நம்மிடையே பலர். முதுமையோடு ஊர்மாற்றமும் சேர்ந்துவிடின் அவ்வொடுக்கம் இரட்டிப்பாகும். பழகிய தெரு இல்லை. பேசிக் களித்த மக்கள் இல்லை. செய்த தொழிலும் இல்லை. இந்நிலையில் ஒருவர் புதிதாகப் படைப்பதற்கு என்ன இருக்கிறது? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன்.

கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள இடைசெவல் அவரது ஊர். பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டுக் கரிசல் மண்ணில் உழவராக வாழ்ந்தவர். அதே ஊரிற் பிறந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமி அவருடைய உற்ற தோழர். முப்பது வயதைக் கடந்த பின்னரே கதை எழுதத் தொடங்கிய அவர், கதைப் பொருளைத் தேடித் தொலைவு செல்லவில்லை. தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவு கழற்றிச் செல்லப்படுவதே 'கதவு' என்னும் அவரது புகழ்பெற்ற சிறுகதை. குழந்தைகள் ஏறி ஆடிய பழங்கதவு ஒன்று, இல்லாதபோது எத்துணைப் பெரிதாகிவிடுகிறது! அன்றாட வாழ்வின் எளிய பொருளிலேயே இலக்கியம் உறைகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1980களின் இறுதியில், பிறர் ஓய்வை நாடும் அகவையில், அவர் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். பட்டம் பெறாத அவ்வுழவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுக்கும் பணிக்குப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. ஏரும் கரிசலும் தொலைவிற் போயின, எழுத்து வற்றவில்லை. 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தொண்ணூறு வயதைக் கடந்தும் எழுதினார். 2021ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் மறைந்தபோது, அவரது உடல் இடைசெவல் மண்ணுக்கே கொண்டு செல்லப்பட்டது.

ஊரை விட்டு வந்தவரிடம் ஊர் எவ்வாறு தங்கிற்று? சொற்களாகத் தங்கிற்று என்போம். கரிசல் வட்டாரப் பேச்சு வழக்கிற்கென்றே அவர் ஓர் அகராதி தொகுத்தவர். கிணற்றிலே மின்சார மோட்டார் வந்தமர்ந்தபோது கமலை மறைந்தது. அதனோடு வடமும் வால்கயிறும் கூனையும் பேச்சினின்று நழுவின. மாற்றத்தை அவர் தடுக்கவில்லை; தடுக்கவும் இயலாது. மறைவனவற்றின் பெயரையேனும் காத்து வைத்தார். அச்சேமிப்பே முதுமையில் அவருக்குக் கைகொடுத்தது.

இத்தீவுகளில் வாழும் நமக்கு இன்னும் நெருங்கிய செய்திகள் உண்டு. 1976இல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்', தெலுங்கு நாட்டினின்று அஞ்சிப் புறப்பட்டுத் தெற்கே வந்து, காடு திருத்திக் குடியேறிய மக்களின் கதை. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு என்னும் பாட்டியின் நினைவிலேயே அவ்வரலாறு வாழ்கிறது. பாட்டி சொல்லாதிருப்பின் பேரர்க்குத் தம் வேர் தெரிந்திராது. பிற்காலத்தில் அவர் எழுதிய 'அந்தமான் நாயக்கர்' நம் தீவின் பெயரையே தலைப்பிற் கொண்டது. இங்குள்ள சிறைக்கு அனுப்பப்பட்ட ஒருவரின் கதை அது.

காடு திருத்திய கதை நம் இல்லங்களிலும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையினின்று வந்தவர்களுள் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற் குடியேறினர். 1969 முதல் பெரிய நிக்கோபாரின் கேம்பல் பேயில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களுள் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. லயம், பிரட்டு, கங்காணி என்ற தேயிலைத் தோட்டத்துச் சொற்களும், பால் வெட்டும் தொழிலின் சொற்களும், கப்பலை எதிர்நோக்கிய நாட்களின் கதைகளும் அம்முதியோரின் நாவில் உள்ளன. கடைவீதியில் இந்தி பேசி வளரும் நம் குழந்தைகள் அவற்றை எங்கே கேட்பர்? 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கச்சாலில் எத்துணையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. எழுதப்படாத அவர்தம் நினைவுகளும் அவர்களோடு போயின. எஞ்சியோரின் நினைவுகளைக் காலம் ஓசையின்றிக் கொண்டுபோய்க் கொண்டிருக்கிறது.

ஆதலின் ஓய்வு பெற்ற பெரியோர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஒரு குறிப்பேடு வாங்குங்கள். நாள்தோறும் ஒரு பக்கம், பேசும் தமிழிலேயே எழுதுங்கள். எந்தக் கப்பலில் வந்தீர்கள், முதல் ஆண்டு எதைச் சமைத்துண்டீர்கள், எந்த விளக்கின் ஒளியில் பிள்ளைகள் படித்தனர், இன்று வழக்கிலில்லாத எந்தச் சொல்லை உங்கள் தாயார் வழங்கினார் என எழுதுங்கள். எழுத இயலாதோர் சொல்லட்டும். பேரப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். அவ்வாறு எழுதியவற்றுள் ஒரு பக்கத்தையேனும் இவ்விதழுக்கு அனுப்பின், மகிழ்வுடன் வெளியிடுவோம்.